அதிர்ஷ்டம் என்று யார் சொன்னது?

கேள்வி: ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டை பெர்சி ஸ்லெட்ஜ் பாடியபோதும் சரி, மைக்கேல் போல்டன் பாடியபோதும் சரி, அமெரிக்காவில் நம்பர் ஒன். ஆஸ்பத்திரி வேலையில் இருந்த ஸ்லெட்ஜுக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டம்தானே? இருவரில் யார் பாடியது உசத்தி?
- வாசகர் ஒருவர், கரூர்

பதில்: முதலில் அந்த அதிர்ஷ்டம் என்ற வார்த்தையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள், அப்புறம் பேசலாம். அடுத்த வீட்டுப் பையன் பாஸானால் அதிர்ஷ்டம், நம் வீட்டுப் பையன் பாஸானால் உழைப்பு. லாட்டரி வாங்கியவனுக்குச் சொல்ல வேண்டியதை, தொண்டை கிழியப் பாடியவனுக்குச் சொல்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஸ்லெட்ஜ் அலபாமா மாநிலத்தில் லெய்ட்டன் என்ற சின்ன ஊர்க்காரர். பகலில் ஆஸ்பத்திரியில் உதவியாள், வார இறுதியில் எஸ்கொயர்ஸ் காம்போ என்ற குழுவோடு கச்சேரி. அதற்கு முன் கட்டட வேலை போயிருந்தது, காதலியும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். அந்த வலியில் முனகிக்கொண்டிருந்த மெட்டுதான் இந்தப் பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் ரெக்கார்டு கடையும் ஒரு சின்ன ஸ்டுடியோவும் வைத்திருந்த க்வின் ஐவி அவரைக் கூப்பிட்டுப் பதிவு செய்தார். ஸ்பூனர் ஓல்ட்ஹாமின் ஆர்கன் மெதுவாகத் தொடங்க, ஸ்லெட்ஜ் முதல் வரியிலேயே உச்சத்தில் போய் நிற்பார். 1966 மே மாதம் அமெரிக்கப் பாட்டு வரிசைப் பட்டியலான பில்போர்டில் முதலிடம், இரண்டு வாரம். அதை வெளியிட்ட அட்லாண்டிக் ரெக்கார்டு கம்பெனிக்கு, அமோக விற்பனைக்காகத் தரும் கோல்ட் ரெக்கார்டு முதலில் கிடைத்தது அதற்குத்தான்.

சரி, பணம்? பாட்டை எழுதியவர்கள் என்று ரெக்கார்டில் இருப்பது குழுவில் வாசித்த கால்வின் லூயிஸ், ஆண்ட்ரூ ரைட் பெயர்கள். நண்பர்களுக்கு அந்த உரிமையை நானே விட்டுக்கொடுத்தேன் என்று சொன்ன ஸ்லெட்ஜ், பிற்பாடு அதற்காக ரொம்ப வருந்தினார். அமெரிக்காவில் பண்பலையில் ஒரு பாட்டு ஓடினால் எழுதியவருக்குத்தான் காசு, பாடியவருக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது, இன்றுவரை சட்டம் அப்படித்தான். 1991-ல் போல்டன் பாடி அது மறுபடி முதலிடம் போனபோதும் பாட்டுக்கான ராயல்டி பெயர் இருந்தவர்களுக்கே. இதையா அதிர்ஷ்டம் என்கிறீர்கள்? பாட்டுக்குக் கீழே எழுதியவர் பெயரைப் போடு, போடு என்று இந்தப் பக்கத்தில் வருடக்கணக்காகக் கத்துகிறேன், ‘பெயரில் என்ன சார் இருக்கிறது’ என்று கடிதம் போடுகிறவர்கள் இன்னும் ஓயவில்லை. பெயரில்தான் ஐயா சோறு இருக்கிறது.

இன்னொன்று. பாட்டின் கடைசிப் பகுதியில் ஊதுகுழல் வாத்தியங்கள் வரும், கவனித்துக் கேளுங்கள், சுருதி கொஞ்சம் விலகியிருக்கும். அட்லாண்டிக்கின் ஜெர்ரி வெக்ஸ்லர் அதைக் கேட்டு முகம் சுளித்து, மறுபடி வாசித்து அனுப்பச் சொன்னார். ஐவியின் ஸ்டுடியோக்காரர்களும் வாசித்து அனுப்பினார்கள். ஆனால் டேப் மாறிப்போய் பழையதே வெளிவந்துவிட்டது என்று அந்த ஸ்டுடியோ வட்டாரத்தில் சொல்வார்கள். அந்த விலகலோடுதான் பாட்டு உலகம் சுற்றியது. 1987-ல் பிரிட்டனில் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் வந்து, இருபத்தொரு வருடம் கழித்து அங்கே இரண்டாம் இடம் பிடித்ததும் அதே விலகலோடுதான். முதலிடத்தில் அப்போது பென் இ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’, அதுவும் பழைய பாட்டு, அதுவும் ஜீன்ஸ் விளம்பரம்! இன்றைக்கு என்றால் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஊதுகுழலையும் ஸ்லெட்ஜின் குரலையும் கோடு போட்ட மாதிரி நேராக்கி, சட்டைக்கு இஸ்திரி போடுவதுபோல் தேய்த்துக் கொடுத்திருப்பான். மனிதன் அழும்போது சுருதி பார்த்தா அழுகிறான்? குரலைத் திருத்தும் அந்த மென்பொருளை நான் கடைசி வரைக்கும் எதிர்ப்பேன்.

அப்புறம் ஸ்லெட்ஜின் இன்னொரு பாட்டு ‘டேக் டைம் டு நோ ஹர்’ 1968-ல் பதினோராம் இடம் வரை போனது, அதனால் ஒரே பாட்டுக்காரர் என்றும் அவரைச் சொல்லிவிடாதீர்கள்.

போல்டனா? நல்ல தொண்டை, கிராமியும் வாங்கினார். ஆனால் அவர் பாடும்போது ஒரு பெரிய பாடகர் பாடுவது கேட்கிறது. ஸ்லெட்ஜ் பாடும்போது, போனவள் திரும்பி வரமாட்டாளா என்று ஒருவன் கெஞ்சுவது கேட்கிறது. எனக்கு ஸ்லெட்ஜ் போதும்.