பெயர் தெரியாத நோயோடு காத்திருத்தல்: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கை கால் விறைப்பு, நடுக்கம், எரிவு, பார்வை மங்கல் என்று நரம்பு சார்ந்த தொல்லைகள் தொடங்கிவிட்டன, பரிசோதனைகளும் நடக்கின்றன, ஆனால் இன்ன நோய் என்று எவரும் உறுதியாகச் சொல்லவில்லை. இம்முறை வந்த கடிதங்களில் பலவும் இந்த நிலையிலிருந்து எழுதப்பட்டவை என்பதால், பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதத்தை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க முடியாது. காத்திருக்கும் நாட்களில் எதைக் கவனிப்பது, எதற்காகக் காத்திருக்கவே கூடாது என்பவற்றைச் சொல்ல முடியும்.

கேள்வி (ஆசிரியை, களுவாஞ்சிகுடி): எனக்கு வயது 34. தைப்பொங்கலுக்குப் பிறகு இடது பாதத்தில் தொடங்கிய விறைப்பு இப்போது இடுப்புவரை ஏறிவிட்டது. கழுத்தைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போல இருக்கிறது. மதிய வெயிலில் பாடசாலையிலிருந்து வரும்போது ஒரு கண் மங்குகிறது. வீட்டில் குளித்து ஓய்வெடுத்ததும் தெளிகிறது. இரத்தப் பரிசோதனையும் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சரியாக இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த கிளினிக் திகதிக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. மாமியார் செய்வினை என்கிறார். பாடசாலையில் சிலர் லீவு எடுப்பதற்கான நாடகம் என்கிறார்கள். இப்போது எனக்கே என் மீது சந்தேகம் வந்துவிட்டது. என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, நீங்கள் நாடகமாடவில்லை. விறைப்பு ஏறிவந்த விதத்தையும், கழுத்தைக் குனியும்போது நிகழ்வதையும், வெயிலில் கண் மங்குவதையும் நீங்கள் எழுதியிருக்கும் ஒழுங்கே எந்த வைத்தியரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும். மூளை ஸ்கேன் சரியாக இருக்கிறதென்றால், படமெடுத்த அன்று மூளையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். காலிலிருந்து இடுப்புவரை ஏறும் விறைப்பும் கழுத்துக் குனிகையில் பாயும் மின்னுணர்வும் முள்ளந்தண்டினுள் ஓடும் முண்ணாணிலிருந்து வரக்கூடியவை; அந்த இடத்தை மூளை ஸ்கேன் காட்டாது. ஆகவே கழுத்து, முதுகுப் பகுதிகளுக்கும் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். "இரத்தம் சரி" என்றபோது விற்றமின் பி12 அளவும் பார்க்கப்பட்டதா என்று கேளுங்கள், ஏனென்றால் வழமையான இரத்தப் பரிசோதனையில் அது சேர்வதில்லை. பி12 குறைபாடு முண்ணாணையே பாதிக்கக்கூடியது. காலத்தோடு கண்டால் திருத்தக்கூடியதும்கூட.

நான்கு மாதங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதே என் முதன்மையான அறிவுரை. அந்தத் திகதி தரப்பட்டபோது விறைப்பு இடுப்புக்கு ஏறியிருந்ததா? இல்லையென்றால் அது புதிய செய்தி. அது கிளினிக்குக்குத் தெரியவேண்டும். இந்த வாரமே கிளினிக் கொப்பியுடன் வெளிநோயாளர் பிரிவுக்குப் போய், "முன்பு பாதத்தில் தொடங்கியது, இப்போது இடுப்புவரை வந்துவிட்டது" என்று தெளிவாகச் சொல்லி, நரம்பியல் நிபுணரை முன்கூட்டியே பார்ப்பதற்கு ஒரு கடிதம் கேளுங்கள். கண்ணை அசைக்கும்போது வலித்தாலோ, சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிந்தாலோ கண் கிளினிக்கிலும் உடனே காட்டுங்கள்.

வெப்பத்தில் அறிகுறி கூடுவது உங்கள் கற்பனையல்ல. ஜேர்மனியக் கண் வைத்தியர் வில்ஹெல்ம் ஊட்கொஃப், உடலை வருத்தியபின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890 இல் பதிவு செய்தார்; உடல் வெப்பம் கூடுவதே காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. நரம்பின் மேலுறை சேதமடைந்த இடத்தில் உடல் வெப்பம் சிறிது கூடினாலே சமிக்ஞை கடப்பது தடைப்படுகிறது. உடல் குளிர்ந்ததும் மீள்கிறது. அந்த நேரத்தில் புதிதாகச் சேதம் ஏற்படுவதில்லை. கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இது உங்களைக் கூடுதலாக வாட்டும். குடையும் ஈரத்துணியும் கையில் இருக்கட்டும். கடினமான பாடவேளைகளைக் காலையில் தருமாறு அதிபரிடம் கேளுங்கள். கிளினிக் கொப்பியைக் காட்டி, விசாரணையில் இருக்கும் நோய் என்று அவருக்கு மட்டும் சொன்னால் போதும். மற்றவர்களிடம் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுக்கு இல்லை.

தாமதம் எப்போதும் அலட்சியத்தால் வருவதில்லை. சில நரம்பு நோய்களை ஒருநாள் பரிசோதனையில் பெயரிடவே முடியாது. மூளை, முண்ணாண் நரம்புகளின் மேலுறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோயை இனங்காண 2001 இல் வகுக்கப்பட்டு, பின்னர் பலமுறை திருத்தப்பட்ட மக்டொனால்ட் அளவுகோல்களின் அடிப்படையே, பாதிப்பு நரம்பு மண்டலத்தின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களிலும் நிகழ்ந்திருப்பதைக் காட்டுவதுதான். கண்ணையும் முண்ணாணையும் தாக்கும் மற்றொரு நோய், 2004 இல் அதற்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் கண்டறியப்படும்வரை, பலரிடம் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்றே கருதப்பட்டது. இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குரிய மருந்து மற்றதை மோசமாக்கவும் கூடும். உங்களுக்கு இவற்றில் ஒன்று இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நல்ல வைத்தியர் ஒருவர் அவசரப்பட்டுப் பெயர் சூட்டத் தயங்குவதற்கும் காரணம் உண்டு என்பதற்காகவே சொல்கிறேன்.

ஆகவே உங்கள் நாட்குறிப்பு இப்போது ஒரு மருத்துவ ஆவணம். எந்தத் திகதியில், உடலின் எந்தப் பக்கத்தில், எவ்வளவு நேரம், என்ன செய்துகொண்டிருந்தபோது என்பவற்றை மட்டும் எழுதி, கிளினிக்குக்குப் போகுமுன் ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்குக் கிடைக்கும் சில நிமிடங்களில் அந்த ஒரு பக்கம் பெரும் உதவியாக இருக்கும். ஸ்கேன் அறிக்கையோடு படங்கள் உள்ள சீடியையும் எடுத்துச் செல்லுங்கள்.

மாமியாருடன் சண்டை வேண்டாம். அம்மனுக்கு நேர்த்தி வைப்பதால் எந்தக் கெடுதியும் இல்லை. ஆனால் உள்ளடக்கம் தெரியாத பற்பம், செந்தூரம் எதையும் உட்கொள்ளாதீர்கள். அவற்றில் இருக்கக்கூடிய ஈயமும் பாதரசமும் நரம்பையே தாக்கும். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத சில உண்டு. சிறுநீர் போகாமல் அடைப்பது அல்லது கட்டுப்பாடின்றிப் போவது, ஆசனவாயைச் சுற்றி உணர்வு அற்றுப்போவது, கால் பலவீனம் மணிக்கணக்கில் மேலேறி மூச்சு முட்டுவது, ஒரு கண்ணின் பார்வை திடீரெனப் போவது, வாய் கோணி ஒரு பக்கக் கை விழுந்து பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் இலங்கையின் இலவச அம்புலன்ஸ் சேவையான 1990 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி முதல் நாலரை மணித்தியாலங்களுக்குள் போடப்பட வேண்டியது. உங்கள் மீதே சந்தேகம் வந்துவிட்டதாக எழுதிய வரி என்னைக் கலங்க வைத்தது. இரவில் அந்த எண்ணம் அழுத்தினால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் பேசுங்கள். அப்படிப் பேசினால் நோய் மனதில்தான் இருக்கிறது என்று எவரும் எழுதிவிட மாட்டார்கள்.

கேள்வி (தாய், வாழைச்சேனை): முச்சக்கரவண்டி ஓட்டும் என் மகனுக்கு வயது 22. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் விறைத்து, இப்போது மடங்கத் தொடங்கியுள்ளன. முன்கையில் வெளிறிய தழும்பு போல ஓரிடம் உண்டு. அங்கே கிள்ளினாலும் தெரியவில்லை என்கிறான். நரம்பு கிளினிக்குக்குத் திகதி கிடைக்கும்வரை எண்ணெய் பூசலாமா?

பதில்: அம்மா, எண்ணெயை விட்டுவிட்டு நாளைக்கே தோல் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். உணர்வற்ற வெளிறிய இடமும் முழங்கை நரம்பின் பலவீனமும் சேர்ந்து வந்தால் முதலில் தொழுநோயைத்தான் நினைக்க வேண்டும். நம் மாவட்டங்களில் அது இன்றும் கண்டறியப்படுகிறது. முன்பு தொழுநோயாளரை ஒதுக்கி வைத்த, மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பழைய அச்சத்தால் மறைப்பவர்கள் இப்போதும் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. வீட்டிலிருந்தே 6 அல்லது 12 மாதங்கள் விழுங்கும் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. தொடங்கியதும் பிறருக்குத் தொற்றும் தன்மை விரைவில் அற்றுப்போகிறது. தாமதித்தால் மடங்கிய விரல் நிமிராமலே போகலாம். வேறு நோயாக இருந்தாலும் அங்கு போனதால் நட்டம் எதுவுமில்லை.

கேள்வி (விவசாயி, சம்மாந்துறை): அஸ்ஸலாமு அலைக்கும் வைத்தியர் ஐயா. என் மனைவிக்கு அடிக்கடி உடல் நடுங்கி, கண் மூடி விழுகிறார். பிறகு வலது கால் மணிக்கணக்கில் இயங்குவதில்லை. மூளையின் மின்னலைகளைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி.யும் ஸ்கேனும் நோர்மல். நரம்பில் சேதமில்லை, நரம்பு மண்டலம் செயற்படும் முறையில்தான் கோளாறு என்று ஒரு வைத்தியர் சொன்னார். நிபுணர் பார்த்து உறுதிசெய்ய வேண்டுமாம். அப்படியென்றால் ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? ஊரில் ஜின் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் "மனதைத் திடப்படுத்து" என்று ஏசுகிறார்கள்.

பதில்: வஅலைக்கும் ஸலாம், சகோதரரே. ஒன்றுமில்லை என்று பொருளல்ல. ஏசுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நரம்பியல் கிளினிக்குகளில் இது அரிதான நோயல்ல. எல்லாப் பரிசோதனையும் நோர்மலாக வந்துவிட்டதால் போடப்படும் பெயரும் அல்ல. உடலைப் பரிசோதிக்கும்போதே தெரியும் அடையாளங்கள் இதற்கு உண்டு. அமெரிக்க வைத்தியர் சார்ல்ஸ் ஹூவர் 1908 இல் ஒன்றை விளக்கினார்: படுத்திருக்கும் நோயாளியிடம் பலவீனமான காலைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் அழுத்த முடியாது, ஆனால் மற்றக் காலை எதிர்ப்புக்கு மேலே தூக்கச் சொன்னால், அதே பலவீனமான கால் தானாகவே கீழே அழுத்தும். நோயாளி ஏமாற்றுகிறார் என்பதற்கு இது சான்றல்ல. நரம்புப் பாதை அறுபடவில்லை, நினைத்து இயக்கும்போதுதான் தடை விழுகிறது என்பதையே இது காட்டுகிறது. அறுபடாத பாதை என்பதால் பயிற்சியால் மீளும் வாய்ப்பும் உண்டு. இந்நோயை அறிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பயிற்சியும், தேவைப்பட்டால் உளவியல் சிகிச்சையும்தான் இதன் மருந்து.

உறுதிசெய்யும்வரை வலிப்பு நோயும் கூடவே இருக்கலாம் என்ற எண்ணத்தோடு நடந்துகொள்ளுங்கள். ஒருவருக்கு இரண்டும் இருப்பதுண்டு. நடுக்கம் வரும்போது கைத்தொலைபேசியில் வீடியோ எடுங்கள். கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா என்பது நிபுணருக்கு முக்கியமானது. கையில் இரும்பைத் திணிக்காமல், வாய்க்குள் கரண்டி விடாமல், பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து, தலையை அடிபடாமல் காத்து, அமைதியாகப் பேசுங்கள். 5 நிமிடங்களைத் தாண்டினால் 1990 ஐ அழையுங்கள். நிபுணர் உறுதிசெய்யும்வரை அவர் தனியாகக் கிணற்றடிக்கோ, வாய்க்காலுக்கோ, திறந்த அடுப்படிக்கோ போகவேண்டாம். மோட்டார் சைக்கிளும் ஓட்டவேண்டாம். ஓதிப் பார்ப்பது அவர் மனதுக்கு ஆறுதல் தருமானால் செய்யுங்கள். ஆனால் அடித்தோ புகையிட்டோ விரட்டுவதாகச் சொல்லும் எவரையும் வாசலுக்குள் விடாதீர்கள்.

கேள்வி (மகள், திருக்கோவில்): அப்பா பத்து வருடங்களாக நீரிழிவுக்கு மெட்ஃபோர்மின் குளிசை எடுக்கிறார். பாதம் இரவில் எரிகிறது. பகலில் பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறதாம். காரணம் இன்னும் பார்க்கப்படுகிறது. ஒருவர், குளிசையை நிறுத்தி விற்றமின் ஊசி போடச் சொல்கிறார். அப்பாவோ ஆடித் திருவிழாவுக்கு உகந்தை, குமனைக் காட்டு வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போவேன் என்று பிடிவாதமாக நிற்கிறார்.

பதில்: மகளே, குளிசையைத் தானாக நிறுத்தவேண்டாம். மெட்ஃபோர்மின் நீண்டகாலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும் என்பது உண்மை. நீரிழிவும் தனியே நரம்பைக் கெடுக்கும். எது காரணம் என்று தெரிய வேண்டுமானால், ஊசி போடுவதற்கு முன்பே பி12 அளவைப் பார்க்க வேண்டும். ஊசி போட்டபின் பார்த்தால் அந்த எண் உண்மையைச் சொல்லாது. பார்மசியில் வாங்கும் விற்றமின் குளிசைகளில் பி6 எவ்வளவு என்று பாருங்கள். நெடுநாள் அதிக அளவில் எடுத்தால் அதுவே விறைப்பை உண்டாக்கும்.

யாத்திரை பற்றி அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: உணர்வு குறைந்த பாதத்தோடு சுடுமணலிலும் முள்ளிலும் வெறுங்காலாக நடக்கக் கூடாது. முள் தைத்தது தெரியாமல் நாட்கணக்கில் நடந்து, புண் எலும்புவரை போய், விரலை இழந்தவர்கள் உண்டு. இந்த வருடம் வாகனத்தில் கதிர்காமம் போய்க் கும்பிடட்டும், முருகன் கோபிக்கமாட்டான். ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். கொப்புளமோ வெடிப்போ கண்டால், அது வலிக்கவில்லை என்று அப்பா சொன்னாலும், மறுநாள் காலையே கிளினிக்கில் காட்டுங்கள்.