கதியாலும் கையொப்பமும்

ஐயா,

நான் சட்ட மாணவி. தந்தை செல்வா என்ற எஸ். ஜே. வி. செல்வநாயகம் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். சிவில் வழக்குகளில் பேரெடுத்தவர், நிறைவேற்றிக்கொள்ள வழியே இல்லாத ஒப்பந்தத்தில் 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு கையெழுத்து வைத்தார். அது போன பிறகும் 1965இல் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று. வழக்கில் ஏமாந்த கட்சிக்காரனை மன்னிக்கலாம். ஏமாந்த சட்டத்தரணியை எப்படி மன்னிப்பது?

வாசகி, வவுனியா

அன்பின் பிள்ளை,

பரீட்சைத் தாளில் இந்தக் கேள்வி வந்தால் நானும் உங்கள் பக்கம்தான் எழுதுவேன். ஆனால் அவரை 1957இல் தொடங்கினால் கணக்குப் பிழைக்கும்.

ஈப்போவில் 1898இல் பிறந்து தெல்லிப்பழையில் வளர்ந்தவர். முதலில் படித்தது விஞ்ஞானம். கொழும்பில் படிப்பித்துக்கொண்டே சட்டம் படித்து அப்புக்காத்து, அதாவது வழக்கறிஞர், ஆனார். குறுக்கு விசாரணையில் மன்றையே அதிரவைத்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். இவருக்கோ மெல்லிய குரல், காதும் மந்தம். கொழும்பு நீதிமன்றங்கள் இருந்த புதுக்கடையில் இவர் பேரெடுத்த சிவில் வழக்குகளுக்கு அது குறையில்லை. பழைய காணி உறுதியில் வடக்கெல்லை என்ன, கிழக்கெல்லை என்ன என்று விரல் வைத்து வாசிக்கிற பொறுமை இருந்தால் போதும். எங்கள் ஊர் வேலி வழக்கு எப்படித் தொடங்கும்? வேலி அடைக்கிற சாட்டில் ஒரு கதியால், அதாவது வேலித் தடி, அரை முழம் உள்ளே வரும். அன்றைக்கு வாய் திறக்காதவன், பத்து வருட ஆட்சி கழிந்தபின் உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பயனில்லை.

1948 குடியுரிமைச் சட்டத்தை அவர் நகர்த்தப்பட்ட கதியாலாகத்தான் பார்த்தார் என்பது என் எண்ணம். உரிமை போனது மலையகத் தமிழருக்கு; காங்கேசன்துறையில் இவருக்கு வாக்களித்த ஒருவருக்கும் அதனால் நட்டமில்லை. பொன்னம்பலம் அமைச்சரானார். இவர் அவருடைய தமிழ்க் காங்கிரஸிலிருந்து பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். யாருக்காக வாதாடினாரோ அவர்களிடம் வாக்கு இல்லை. வாக்கு வைத்திருந்த தொகுதிக்காரர் 1952இல் அவரைத் தோற்கடித்தார்கள். காசு வாங்காமல் எடுத்த வழக்கில் சொந்தக் காணியை இழந்த மாதிரி.

நீங்கள் சட்டம் படிக்கிறீர்கள், அதனால் இதைச் சொல்ல வேண்டும். அந்தக் குடியுரிமைச் சட்டம் நீதிமன்றத்திலும் கேள்விக்குட்பட்டது. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையைக் காக்கும் என்று எல்லாரும் நம்பியிருந்தார்கள். கோடாகன் பிள்ளை வழக்கில் 1953இல் லண்டனில் இருந்த கடைசி மேன்முறையீட்டு மன்றான பிரிவி கவுன்சில் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிறகு 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களுக்கு அடி விழுந்தது. நாடாளுமன்றத்தில் அவர் கட்சிக்குப் பத்து ஆசனம். நீதிமன்றம் கைவிட்டது, வாக்கெடுப்பில் வெல்ல முடியாது. இந்த நிலையில் கட்சிக்காரனுக்கு நீங்கள் என்ன புத்தி சொல்வீர்கள்? இணக்கத்துக்குப் போ என்பீர்கள். 1957 ஜூலை 26 அந்த இணக்கம்தான்: பிரதேச சபைகள், வடக்கு கிழக்கு நிர்வாகத்தில் தமிழ். 1958 ஏப்ரலில் பிக்குகள் பண்டாரநாயக்காவின் ரொஸ்மீட் பிளேஸ் வீட்டின் முன் வந்து குந்தியதும் அவர் அதைக் கைகழுவினார்.

முதல் கையொப்பத்தை ஏமாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். இரண்டாவதை மட்டும் என்னால் அப்படி விட முடியவில்லை. இணக்கத்தைத் தீர்ப்பாகப் பதிவுசெய்யாமல் மன்றை விட்டு வெளியே வரக்கூடாது என்பது கனிஷ்ட சட்டத்தரணிக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? 1965 மார்ச் 24இல் டட்லியோடு கையெழுத்திட்டு, தன் கட்சியின் ஆதரவையும் கொடுத்து, அந்தக் கட்சியின் திருச்செல்வத்தை அமைச்சரவைக்கும் அனுப்பினார். மாவட்ட சபைகள் சட்டமாகவில்லை, 1968இல் கைவிடப்பட்டன. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு, வாங்க வேண்டியதற்குத் தவணை கேட்டு நின்றார்கள். கனவான் வாக்கு என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் கூடித்தான் போயிற்று.

என்னைக் கேட்டால் அவருடைய ஆகச் சிறந்த வாதம் ஒப்பந்தங்களிலேயே இல்லை. 1972இல் புதிய யாப்பு வந்து 29ஆம் பிரிவும் இல்லாமல் போனது. பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீட்டை அதற்கு முந்திய ஆண்டே எடுத்துவிட்டார்கள். அந்த அக்டோபரில் அவர் தன் ஆசனத்தைத் துறந்தார். இந்த யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா, என் தொகுதியில் கேட்டுப் பாருங்கள் என்பது சவால். நீதிபதி இல்லை, ஆகவே வாக்காளர்தான் யூரி. அரசு இடைத்தேர்தலை இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்தது. 1975 பெப்ரவரி 6இல் அவருக்கு 25,927 வாக்கு. எதிர்த்து நின்ற கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. பார்க்கின்சன் நோய் உடம்பை ஆட்டிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த வருடம் தமிழர் தலைவர்களில் ஒருவரான அமிர்தலிங்கமும் வேறு சிலரும் துண்டுப்பிரசுர வழக்கில் யூரி இல்லாத விசேட மன்றில் நிறுத்தப்பட்டார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் தரப்பில் பெரியதொரு சட்டத்தரணிகள் கூட்டம். அதில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் செல்வநாயகமும் இருந்தார்கள். மலையகத்தாரின் குடியுரிமையில் முறிந்து போன இருவர், ஒரே பக்கத்து வாங்கில். அவசரகாலச் சட்டவிதிகள் செல்லுமா என்ற ஆட்சேபனையை அந்த மன்று ஏற்றுக்கொண்டது. பின்னர் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது வேறு கதை. 1977 பெப்ரவரியில் பொன்னம்பலம் போனார், ஏப்ரலில் செல்வநாயகம்.

இறுதி ஆண்டுக்கு வரும்போது அந்த விசேட மன்றின் வழக்கைத் தேடி வாசியுங்கள். ஒப்பந்தச் சட்டப் பாடத்துக்கு உதவாது. ஆனால் உங்கள் கேள்விக்கு உதவும்.

அன்புடன்