பக்கவாதம் வந்தவரின் குடும்பத்தினரை அந்த நோய் எப்படிப் பாதிக்கிறது?

எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் ஒரே காலைப்பொழுதில் போயின. அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அவர் உடல்நிலையைக் கேட்டார்கள். பக்கத்தில் நின்ற அம்மாவிடம் "நீங்கள் தூங்கினீர்களா?" என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

அம்மா தூங்கவில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர்கூட நேராக இறங்காது, புரையேறும். கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். இந்த வேலைகளையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது வேறு. நாற்பது ஆண்டுகளாக எதற்கும் அவரைக் கேட்டுவிட்டு முடிவெடுத்தவர் அம்மா. கேட்கப்பட வேண்டியவர் எதிரிலேயே இருக்கிறார், கேட்க முடியவில்லை. கையெழுத்துப் போடும் கை வலக்கை என்பது வங்கியில் போய் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

எங்களை அதிகம் காயப்படுத்தியது நோயால் வந்ததை அவருடைய சுபாவம் என்று நினைத்துக்கொண்டதுதான். "தண்ணீர்" என்ற சொல்லுக்கு அரை மணி நேரம் தவிக்கும் அப்பாவுக்கு வசைச்சொல் மட்டும் தெளிவாக வந்தது. மனதில் இருந்ததுதான் இப்போது வெளியே வருகிறது என்று அம்மா நம்பிவிட்டார். எட்டு மாதங்கள் அப்படி நினைத்தே பணிவிடை செய்திருக்கிறார். பிறகு பேச்சுப் பயிற்சியாளர்தான் விளக்கினார்: எண்ணுவது, பாடுவது, திட்டுவது போன்றவை யோசித்துக் கோத்துப் பேசும் பேச்சல்ல, தானாக வந்துவிழுபவை, பேச்சு இழந்தவர்களிடமும் அவை பல நேரம் தங்கிவிடும். இதை முதல் வாரத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தம்பிக்கு வேறு விதம். அவனைக் கண்டதும் அப்பா அழுவார். தன்னால்தான் அழுகிறார் என்று அவன் வருவதைக் குறைத்துக்கொண்டான். பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறான் என்று நான் சண்டை போட்டேன். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுப்பாடில்லாமல் வரும், துயரம் இல்லாமலே கண்ணீர் கொட்டும் என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. பேச்சை மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்கிறார்கள். கவனித்துக்கொள்பவருக்கும் அது வரும்; எங்கள் அம்மாவுக்கு வந்தது. தனியாக மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டிலும் பணிவிடை செய்பவர் எதற்கும் எரிந்து விழுந்தாலோ, எதையும் சொல்லாமல் ஒடுங்கிப்போனாலோ "களைப்பு" என்று விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: ஆறு மாதத்துக்குள் வராதது இனி வராது என்று வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் மூன்று மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு கதவு சாத்தப்படுவதில்லை. அப்பா சட்டைப் பொத்தானை இடக்கையால் போடப் பழகியது இரண்டாம் ஆண்டில்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் இப்போது நானும் தம்பியும் அப்பாவுடன் இருக்கிறோம், அம்மா வெளியே போகிறார். முதல் வாரம் இருபது நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார். போன வாரம் இருட்டிய பிறகுதான் வந்தார்.