‘தி ரெய்டு’ படங்கள்: சிலம்ப வாத்தியாரிடம் சில கேள்விகள்

ஈரோட்டில் மாதம் ஒருமுறை கூடிப் படம் பார்க்கும் எங்கள் நண்பர் வட்டத்தில், சென்ற மாதம் இந்தோனேசியப் படமான ‘தி ரெய்டு’வைப் பார்த்தோம், வரும் மாதம் அதன் இரண்டாம் பாகத்தைப் பார்க்கவிருக்கிறோம். முதல் பாகம் பார்த்தவர்களின் அதிர்ச்சியும் அடுத்ததற்குக் காத்திருப்பவர்களின் ஆவலும் கேள்விகளாக வந்து குவிந்துவிட்டன. இருபது ஆண்டுகளாகச் சிலம்பம் கற்பித்து வருபவன் என்பதால், பதில் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒருவர்: நான் வர இயலவில்லை. கதையே இல்லாத படம் என்கிறார்கள். பிறகு ஏன் இவ்வளவு பேச்சு?

ஜகார்த்தாவில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பைத் தன் கோட்டையாக்கிக்கொண்ட போதைப்பொருள் தலைவனைப் பிடிக்க, சிறப்புக் காவல் படையினர் இருபது பேர் நுழைகிறார்கள். வெளியேறும் வழி அடைபடுகிறது. கதை அவ்வளவுதான். இயக்குநர் காரெத் எவன்ஸ் வேல்ஸ் நாட்டவர். அவர் முதலில் எடுக்க நினைத்தது இதைவிடப் பெரிய ஒரு குற்றவுலகக் கதை. அதற்குப் பணம் திரளாததால், ஒரே கட்டடத்துக்குள் முடியும் சிறிய படமாக இதைச் சுமார் 11 லட்சம் டாலர் செலவில் எடுத்தார். அந்தச் சுருக்கமே படத்துக்கு வலிமையாயிற்று என்பது என் எண்ணம். ஓட இடமில்லாத நடைவழியில் இருவர் மோதும்போது, சுவரும் கதவும் படிக்கட்டும் ஆயுதங்களாக மாறிவிடுகின்றன.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர்: முதல் திரையிடலிலேயே மக்கள் கொண்டாடினார்கள் என்று படித்துவிட்டு வந்தேன். அந்த முதல் எதிர்வினைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

2011 செப்டம்பரில் டொராண்டோ திரைப்பட விழாவின் நள்ளிரவுப் பிரிவில் படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அப்பிரிவின் பார்வையாளர் விருதையும் பெற்றது. ஆனால் நள்ளிரவில் இத்தகைய படங்களுக்கென்றே வந்து அமர்பவர்கள் ஏற்கெனவே பாதி மனம் கொடுத்துவிட்டவர்கள். மாரியம்மன் நோம்பியில் கம்பத்தைச் சுற்றி ஆடும் கூட்டத்தின் நடுவே நின்றவன் சொல்லும் வர்ணனையும், மறுநாள் காலையில் தனியாக அங்கே வந்தவன் சொல்வதும் ஒன்றாக இருக்காது. இருவருமே பொய் சொல்லவில்லை.

இதே படம் 2012 மார்ச்சில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது, மூத்த விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்கில் ஒரு நட்சத்திரம் மட்டுமே கொடுத்தார். ரசிகர்கள் கொதித்தார்கள், அவர் தம் நிலையை விளக்கி மற்றொரு கட்டுரையும் எழுதினார். பாத்திரங்கள் மெலிந்தவை என்ற குறை நியாயமானதே. ஆயினும் இப்படத்தில் குணம் வசனத்தில் வெளிப்படுவதில்லை, உடலில் வெளிப்படுகிறது. ‘மேட் டாக்’ என்னும் அடியாள், கையில் துப்பாக்கி இருந்தும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, தன்னைவிட உயரமான எதிராளியை வெறுங்கையால் எதிர்கொள்ள நிற்கும் அந்தச் சில நொடிகளை நினைத்துப் பாருங்கள். அவனுக்குச் சண்டை ஒரு வழிபாடு போன்றது என்பதை எந்த வசனமும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி: அரை மணி நேரத்திலேயே எழுந்து வெளியே வந்துவிட்டேன். நம் ஊர்ப் படங்களில் இதைவிட அதிகமானவர்கள் அடிபடுகிறார்கள். அவற்றைக் குழந்தைகளுடன் அமர்ந்து பார்க்கிறேன். இதை மட்டும் ஏன் தாங்க முடியவில்லை?

நீங்கள் எழுந்து போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை அம்மா. படம் தன் வேலையைச் சரியாகச் செய்ததால்தான் உங்களால் உட்கார முடியவில்லை.

நாம் பழகிய படங்களில் கதாநாயகன் ஒரு குத்து விட்டால் பத்துப் பேர் கயிற்றின் உதவியால் காற்றில் பறப்பார்கள். அடி எங்கே விழுந்தது என்பதைப் படத்தொகுப்பு மறைத்துவிடும். விழுந்தவனைப் பிறகு நாம் பார்க்கவே மாட்டோம். வலி இல்லாத அடி என்பதால்தான் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க முடிகிறது. ‘தி ரெய்டு’வில் ஒளிப்பதிவுக் கருவி சற்று விலகி நின்று, அடிப்பவனின் காலிலிருந்து அடிபடுபவனின் தலை வரை ஒரே சட்டத்தில் காட்டுகிறது. அடி விழும் கணத்தில் பார்வையை அகற்றுவதில்லை. வெட்டுப்பட்டவன் அடுத்த காட்சியிலும் நொண்டுகிறான், மூச்சு வாங்குகிறான். எலும்பின் ஒலி வேறு நம் காதுக்குள்ளேயே முறிகிறது.

எங்கள் களத்தில் தடுப்பு ஒரு விரற்கடை தவறினாலும் கணுக்கை வீங்கிவிடும். அந்த வலியை அறிந்தவன் என்பதால் சொல்கிறேன், வலியை மறைக்கும் சண்டைக் காட்சியைவிட வலியைக் காட்டும் சண்டைக் காட்சி நேர்மையானது. அதைப் பார்த்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்துவது மட்டும் தவறு. அடுத்த மாதம் வருவதானால் கதவோரம் ஓர் இருக்கை உங்களுக்காக இருக்கும்.

அரச்சலூரிலிருந்து ஒரு மாணவர்: படத்தில் வரும் சிலாட் என்னும் சண்டைக்கலை நம் சிலம்பத்திலிருந்து பிறந்ததுதானே வாத்தியாரே?

பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதை வைத்து உறவு கொண்டாடுவதை நான் ஏற்பதில்லை தம்பி. பென்சாக் சிலாட் அந்த மண்ணுக்குரிய கலை. 2019இல் யுனெஸ்கோ அதை இந்தோனேசியாவின் பண்பாட்டு மரபாகத் தன் பட்டியலில் சேர்த்தது. நம்முடையது கம்பை முதன்மையாகக் கொண்டது; அவர்களுடையது வெறுங்கை, குறுங்கத்தி, ‘கோலோக்’ என்னும் வெட்டுக்கத்தி, புலிநகம் போல் வளைந்த ‘கெராம்பிட்’ என்று நெருக்கத்தில் புழங்குவது. நாம் வீடு கட்டி, அதாவது காலடி வரிசை வைத்துக் கம்பைச் சுழற்றி, எதிராளியைத் தொலைவிலேயே நிறுத்தப் பார்க்கிறோம். அவர்கள் முழங்காலைத் தாழ்த்தி உள்ளே புகுந்து மூட்டைத் தேடுகிறார்கள்.

தீரன் சின்னமலை கோட்டை கட்டிய ஓடாநிலை உங்கள் ஊருக்கு அருகில்தான் இருக்கிறது. அவர் நினைவோடு கம்பு பிடிக்கும் நமக்கு, பெருமைக்காகப் பிறர் கலையைச் சொந்தம் கொண்டாட வேண்டிய தேவை இல்லை.

சேலத்திலிருந்து ஒருவர்: கதாநாயகனுக்கு உண்மையிலேயே சண்டை தெரியுமா?

தெரியும். ஈக்கோ உவைஸ் சிறு வயது முதல் சிலாட் பயின்றவர். எவன்ஸ் அக்கலையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கச் சென்றபோது, உவைஸ் ஒரு தொலைபேசி நிறுவனத்தில் ஓட்டுநராக வேலை செய்துகொண்டிருந்தார். 2009இல் வெளிவந்த ‘மெராந்தாவ்’ படத்தில்தான் முதலில் நடித்தார். ‘மேட் டாக்’ ஆக வரும் யாயான் ருஹியானும் சிலாட் ஆசான். இருவரும் சேர்ந்தே சண்டைகளை அமைத்தார்கள்.

கரூரிலிருந்து ஒருவர்: இரண்டாம் பாகத்தைப் பற்றி, கதையை உடைக்காமல் சொல்லுங்கள். முதல் பாகத்தைவிடக் கொடூரமா?

கொடூரம்தான், மலேசியாவில் இப்படத்தைத் திரையிட அனுமதிக்கவில்லை. ஆனால் மீண்டும் ஒரு கட்டட முற்றுகையை எதிர்பார்த்து வருபவர்கள் முதல் ஒரு மணி நேரத்தில் பொறுமையிழப்பார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் 101 நிமிடம். இது இரண்டரை மணி நேரம். பணமின்றி எவன்ஸ் ஒத்திவைத்த அந்தப் பெரிய கதையே இங்கே இரண்டாம் பாகமாக மாறியிருக்கிறது. நாயகன் அடையாளத்தை மறைத்துச் சிறைக்குள் நுழைந்து, அங்கிருந்து ஒரு குற்றக் குடும்பத்தின் நடுவே போய்ச் சேருகிறான்.

மூன்று இடங்களைக் கவனித்துப் பாருங்கள். முதலாவது, சிறை முற்றத்துச் சேற்றில் நடக்கும் கலவரம். கால் ஊன்ற முடியாத தரையில் நிலை என்னாகிறது என்பதை அங்கே படிக்கலாம். அடுத்தது மகிழுந்துத் துரத்தல். ஒளிப்பதிவாளர் ஒருவர் இருக்கையைப் போலவே வேடமிட்டு உள்ளே அமர்ந்திருக்க, ஒரு வண்டியிலிருந்து அடுத்த வண்டிக்குக் கருவியைக் கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது இறுதியில் வரும் சமையலறைச் சண்டை. அங்கே எதிராளியாக நிற்கும் செசெப் ஆரிஃப் ரஹ்மானும் சிலாட் ஆசான்தான். இருவரும் முதலில் ஒருவரையொருவர் அளப்பதையும், ஆயுதம் கைக்கு வந்த பிறகு தொலைவு சுருங்குவதையும் கண்கொட்டாமல் பாருங்கள். இரத்தம் எவ்வளவு சிந்தியது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தச் சண்டையின் பாதி தெரியாமலே போய்விடும்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இந்திய மொழிகளில் இதற்கு நிகராக ஏதேனும் உண்டா?

‘கில்’ என்னும் இந்திப் படத்தைப் பாருங்கள். அதுவும் 2023இல் டொராண்டோவின் அதே நள்ளிரவுப் பிரிவில் திரையிடப்பட்டு, 2024 ஜூலையில் இங்கே வெளியானது. ஓடும் இரயிலுக்குள் கொள்ளையர்களோடு நடக்கும் மோதல். படத்தின் பெயர் தொடக்கத்தில் வராமல், நாயகனின் துக்கம் வெறியாகத் திரும்பும் இடத்தில் வருகிறது. அதற்கு முன் நிகழ்ந்த சண்டைக்கும் பின் நிகழும் சண்டைக்கும் உள்ள வேறுபாட்டை அவன் உடலிலேயே காணலாம். கொள்ளையர்களும் தம் உறவினர் சாகும்போது அழுகிறார்கள். அந்த அழுகைதான் எனக்குப் படத்திலேயே மிகவும் கனமாக இருந்தது.

பெருந்துறையிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பதினைந்து வயது, உங்களிடம்தான் சிலம்பம் கற்கிறான். நண்பர்கள் சொன்னதைக் கேட்டு அவனும் வரத் துடிக்கிறான். அழைத்து வரலாமா?

வேண்டாம் அம்மா. பிரிட்டனில் இரண்டு பாகங்களையும் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதித்தார்கள். நானும் அந்த எல்லையில்தான் நிற்கிறேன். எவ்வளவு கெஞ்சினாலும் அவனை உள்ளே விடமாட்டேன் என்பதை அவனிடமே சொல்லிவிடுங்கள். அவன் ஆவலை நான் குறை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அவனை வழக்கம்போல் களத்துக்கு அனுப்புங்கள். படத்தில் ஈக்கோ உவைஸ் முழங்காலைத் தாழ்த்தி நிற்கும் அந்த நிலையைக் காட்டிக்கொடுக்கிறேன். அசையாமல் எத்தனை நிமிடம் நிற்கிறான் என்று பார்ப்போம்.