இலவசத் திட்டம்: முன்பணம் கேட்டால் உஷார்

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கம் பூங்காவையும் அதை ஒட்டிய தெருவையும் சீரமைக்க நினைக்கிறது. தன்னார்வ ஆர்க்கிடெக்ட்கள் இலவசமாகத் திட்டம் போட்டுத் தருவார்களாம். அவர்களை அழைத்துவர ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: ஆர்க்கிடெக்ட்களை நம்பலாம். முன்பணம் கேட்பவரை வேண்டாம்.

உதாரணத்துக்கு, அமெரிக்க ஆர்க்கிடெக்ட்கள் கழகம் 1967 முதல் அனுப்பிவரும் உதவிக் குழுக்களில் வல்லுநர்களுக்குச் சம்பளம் கிடையாது. பயணம், தங்குமிடச் செலவு மட்டும்தான். தங்கள் பரிந்துரையால் பின்னால் வரும் வேலையை எடுத்துக்கொள்வதில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்கள். இந்த இரண்டாவது நிபந்தனையை நீங்களும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் 'இலவச' வரைபடத்தில் ஒரே கம்பெனியின் தரைக்கல்லும் விளக்கும் மட்டும் குறிப்பிட்டிருக்கும். டெண்டரில் வேறு யாரும் நுழைய முடியாது.

அவர்கள் தருவது யோசனை வரைபடம். அதை வைத்துக் கொத்தனாரை இறக்கிவிடாதீர்கள்.

வருபவர்களின் நேரத்தை டேப் பிடிக்க வைத்து வீணாக்கக் கூடாது. 1:500 அளவில் அடிப்படை வரைபடம் தயாராக இருக்கட்டும். 100 மீட்டர் தெரு தாளில் 20 செ.மீ. வரும். மரம், மின்கம்பம், வீட்டு வாசல், மழைநீர் தேங்கும் இடம், சாக்கடை மூடியின் மட்டம் எல்லாம் அதில் வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 15 செ.மீ. உயர நடைபாதைக்குச் சக்கர நாற்காலி ஏற 1:12 சரிவில் (ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம்) 1.8 மீட்டர் நீளம் தேவை. அந்த இடத்தில் கம்பமோ மூடியோ இருந்தால், படத்தில் உள்ள சரிவுப்பாதை தரையில் வராது.

நிலம் யாருடையது என்பதையும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். பூங்கா ஒரு துறை, வடிகால் ஒரு துறை, கம்பம் இன்னொரு துறை. ஒவ்வொருவரும் அடுத்த மேசையைக் கைகாட்டுவார்கள். வரைபடம் வந்தபிறகு இந்த அலைச்சலைத் தொடங்கினால் அது அலமாரியிலேயே கிடக்கும்.

ஒன்றில் மட்டும் இலவச உதவியே வேண்டாம்: சாய்ந்த தடுப்புச்சுவர், விரிசல் விட்ட தண்ணீர்த் தொட்டி, கம்பி தெரியும் தூண். பார்த்துவிட்டு ஒருவர் "ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அது அறிக்கை ஆகாது. அவர் மூத்தவராக இருந்தாலும் ஆகாது, நண்பராக இருந்தாலும் ஆகாது. உரிமம் பெற்ற கட்டமைப்புப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்து, கணக்கீட்டோடு கையெழுத்தும் வாங்குங்கள். அதுவரை அதன் அருகே யாரையும் விடாதீர்கள்.

வேலை முடிந்ததும் பிடிஎஃப் மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தியடையாமல், திருத்தக்கூடிய ஆட்டோகேட் (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்) கோப்பையும், அதைச் சங்கம் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற கடிதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கோப்பு இல்லையென்றால் அடுத்து வரும் பொறியாளர் முதலிலிருந்து வரைந்து, அதற்கும் பில் போடுவார்.