வேலைவாய்ப்பு, பயிற்சித் திட்டங்களை விளம்பரப்படுத்த அரசு பெரும் பணம் செலவழிப்பது நியாயமா?

விளம்பரம் பார்த்தவர் மறுநாள் காலையில் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்தால் நியாயம்தான். கனடாவில் கதவே வைக்காத வீட்டுக்கு விளம்பரம் செய்தார்கள். அதை நம்பிப் போனவர்களில் என் அத்தானும் ஒருவர்.

2013 மே மாதம். ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் அணி பொஸ்டனிடம் 4-1 என்று முன்னிலையில் இருந்தும் கோட்டைவிட்டதே, அந்த ஹொக்கிப் பருவம். (அந்த ஆட்டத்தை இன்னும் நான் மன்னிக்கவில்லை.) ஆட்டங்களுக்கு நடுவே கனடா வேலை மானியம் என்று ஒரு விளம்பரம் ஓடியது: தொழில் பயில ஒருவருக்கு 15,000 டொலர், அல்லது அதற்கும் மேல். தொழிற்சாலை மூடி வேலை போயிருந்த அத்தான், மின்கட்டண உறையின் பின்புறத்தில் அந்தத் தொகையை எழுதி வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை இருவரும் ஸ்காபரோவில் ஒரு வேலைவாய்ப்பு நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த பெண்மணி, "அப்படி ஒன்று இன்னும் தொடங்கவில்லை. உங்களைப் போல் நிறையப் பேர் வந்து கேட்கிறார்கள்" என்றார். அவரிடம் கோபிக்க என்ன இருக்கிறது?

உள்ளபடி, அது அந்த ஆண்டு மார்ச் மாத வரவுசெலவுத் திட்டத்தில் வந்த அறிவிப்பு மட்டுமே. மத்திய அரசு, மாகாணம், முதலாளி ஆகிய மூவரும் ஆளுக்கு 5,000 டொலர் வரை போடுவதாகக் கணக்கு. மாகாணங்களோ அப்போது சம்மதிக்கவே இல்லை. ஏற்கெனவே பயிற்சிக்காக மாகாணங்களுக்குப் போய்க்கொண்டிருந்த 50 கோடி டொலரில் 30 கோடியை எடுத்துத்தான் மத்திய அரசு தன் பங்கைப் போடவிருந்தது. வேலையின்மைக் காப்புறுதி கிடைக்காதவர்கள், நெடுநாள் வேலையற்றவர்கள், புதிதாகக் குடியேறியவர்கள் போன்றோருக்கான பணம் அது.

இல்லாத திட்டத்துக்கான அந்த விளம்பரத்துக்கு ஏறத்தாழ 25 லட்சம் டொலர் செலவானது. முறைப்பாடுகள் போயின. விளம்பரங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் கனடாவின் விளம்பரத் தர அமைப்பும் அது தவறான எண்ணத்தைத் தருகிறது என்றே சொன்னது.

ஆட்களை உள்ளே அழைப்பதற்கென்றே எடுத்த விளம்பரமாக எனக்கு அது தெரியவில்லை. "அரசு ஏதோ செய்கிறது" என்ற எண்ணத்தை வரவேற்பறையில் விட்டுப் போவதே வேலை. தன் பொருளாதார நடவடிக்கைகளுக்கு மத்திய அரசு வைத்த பெயர் பொருளாதாரச் செயல் திட்டம்; அதே காலத்தில் வந்த அதன் விளம்பரங்களைப் பற்றி அரசே எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், 2,003 பேரில் மூன்றே மூன்று பேர்தான் விளம்பரம் காட்டிய இணையத்தளத்துக்குப் போனதாகச் சொன்னார்கள். அந்தப் பணத்தில் ஒரு துளியை எடுத்து, தமிழிலும் பஞ்சாபியிலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் அடித்து நூலகங்களில் வைத்திருந்தால் இதைவிட அதிகம் பேர் போயிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

2016இல் மத்திய அரசு தன் விளம்பரங்களுக்கான விதியை மாற்றியது: நாடாளுமன்ற ஒப்புதல் தேவைப்படும் எதற்கும், அது கிடைக்கும்வரை விளம்பரம் கூடாது.

மானியம் பிறகு உண்மையாகவே வந்தது, 2014இல். அரசு ஒருவருக்கு 10,000 டொலர் வரை தரும், மூன்றில் ஒரு பங்கை முதலாளி ஏற்க வேண்டும் என்று அப்போது ஏற்பாடு. அத்தானை நினைத்துக்கொண்டு விதிகளைப் படித்தேன். விண்ணப்பிக்க வேண்டியவரும் முதலாளிதான், தொழிலாளி அல்ல. தொலைக்காட்சியில் அதை யாரும் அழுத்திச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அத்தான் அதற்குள் சொந்தக் காசில் ஃபோர்க்லிஃப்ட் பழகி, மிசிசாகாவில் ஒரு கிடங்கில் இரவு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்.