மறுமொழி: நிலாவெளிப் பதிகருவியில் மிகையான குறுக்கீடுகள்

வணக்கம். கடல்மட்ட உணரி 9600 பாட் (செக்கனுக்கு 9600 பிட்) தொடர் இணைப்பிலும், வாளி கவிழும்போதெல்லாம் துடிப்பனுப்பும் மழைமானி நீண்ட வயரொன்றின் வழியாக ஜிபிஐஓ (பொது உள்ளீட்டு-வெளியீட்டு) முனையிலும் இணைந்துள்ள அளவீடுகளைப் பதியும் உங்கள் லினக்ஸ் கருவியில், மழைக்குப் பின் செக்கனுக்கு 8,000 குறுக்கீடுகள் (புரொசசரை இடைமறித்துக் கவனம் கேட்கும் சைகைகள்) வரை எழுவதாக எழுதியிருந்தீர்கள்.

தொடர் இணைப்பை நான் சந்தேகிக்கவில்லை. தொடக்க, முடிவு பிட்டுகளோடு பைட்டுக்குப் பத்துப் பிட் ஆவதால், அந்த வேகத்தில் செக்கனுக்கு 960 பைட்டுகளே வரமுடியும் என்பதால், பைட்டுக்கு ஒரு குறுக்கீடு என்று வைத்தாலும் நீங்கள் சொன்ன 8,000-ஐ எட்டாது. புரொக் அடைவிலுள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைப் பத்துச் செக்கன் இடைவெளியில் இருமுறை வாசித்து, எந்த வரியின் எண்ணிக்கை பாய்கிறது என்று பாருங்கள். அது மழைமானியின் வரியாகவே இருக்குமென நினைக்கிறேன்.

அப்படியானால், பதிகருவிப் பக்கத்தில் வயரைக் கழற்றிவிட்டு மீண்டும் வாசியுங்கள். எண்ணிக்கை நின்றால் கோளாறு வயரிலோ இணைப்பியிலோ உள்ளது. உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பி ஈரமானதும் மின்கசிவு ஏற்பட்டு, முனையின் மின்னழுத்தம் உயர்வுக்கும் தாழ்வுக்கும் நடுவே தத்தளிக்க, சிறு இரைச்சலும் ஒரு துடிப்பாக எண்ணப்படுகிறது. நிற்காவிட்டால் முனையை உயர் மின்னழுத்தத்தில் நிறுத்திவைக்கும் மேலிழு தடையி இல்லை என்று கொள்ளலாம்.

இணைப்பியை மாற்றி, முனையிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 10 கிலோ ஓம் தடையியும், நிலத்துக்கு 0.1 மைக்ரோபரட் கொள்ளளவியும், வயருக்குத் தொடராக 100 ஓம் தடையியும் இடுங்கள். இதன் நேர மாறிலி (மின்னழுத்தம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு) ஏறத்தாழ 1 மில்லிசெக்கன் என்பதால், அதைவிட நீண்ட, வாளி கவிழும் துடிப்பு தவறாது. மென்பொருளில் மட்டும் வடிகட்டினால் மழை அளவு திருந்தும், புரொசசரின் சுமை குறையாது. வாடை மழை தொடங்குமுன் செய்துவிடுங்கள்.